கீரிப்பிள்ளை கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடங்களுக்கும் நூலகங்களுக்கும் கதை சொல்லப் போகும்போது நான் அதிகம் சொல்வது கீரிப்பிள்ளை கதையைத்தான். முடித்ததும் குழந்தைகள் ஒரு மாதிரி கேட்பார்கள், கூட வந்த பெரியவர்கள் வேறு மாதிரி கேட்பார்கள். பல வருஷமாகத் திரும்பத் திரும்ப வரும் அந்தக் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கதை எப்படி வேலை செய்கிறது, எப்படி ஊர் விட்டு ஊர் போகிறது என்பதில் நான் கற்றது பெரும்பாலும் இந்த ஒரு சின்னக் கதையின் பின்னால் நடந்து கற்றதுதான்.

கதை தெரியாதவர்களுக்கு ஒரு தடவை சொல்ல முடியுமா?

ஒரு வீட்டில் கைக்குழந்தை. அதே வீட்டில் பிள்ளையோடு பிள்ளையாக ஒரு கீரியும் வளர்கிறது. அம்மா ஒருநாள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிறாள். வீட்டில் வேறு ஆள் இல்லை. தூளியில் குழந்தை தூங்குகிறது. அந்த நேரத்தில் ஒரு பாம்பு உள்ளே வருகிறது. கீரி பாய்ந்து பாம்பைக் கடித்துக் குதறிப் போட்டுவிடுகிறது. அம்மா வரும் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுகிறது. வாயெல்லாம் ரத்தம். பிள்ளையைத்தான் கடித்துவிட்டது என்று நினைத்த அம்மா, இடுப்பில் இருந்த குடத்தைத் தூக்கி அதன் தலையில் போடுகிறாள். கீரி அங்கேயே செத்துவிடுகிறது. உள்ளே ஓடினால் தூளியில் பிள்ளை தூங்குகிறது, கீழே பாம்பு துண்டு துண்டாகக் கிடக்கிறது.

அவ்வளவுதான் கதை.

இது எவ்வளவு பழைய கதை?

பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதியில் இருக்கிறது. அந்தப் பகுதிக்கு 'அபரீட்சித காரகம்' என்று பெயர், அதாவது ஆராயாமல் செய்தது. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவுக்கு வந்துபோன யாத்திரிகர் பாகியான் கொண்டுபோய்ச் சீனத்தில் மொழிபெயர்த்த புத்த பிக்குகளின் விதிநூலிலும் இது இருக்கிறது. தமிழில் சிலப்பதிகாரத்தில் வருகிறது. அந்த இடத்தைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையை அதைவிடப் பொருத்தமான இடத்தில் யாரும் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இது இந்தியாவில் மட்டும் சொல்லப்படும் கதையா?

இல்லை. உலகம் முழுக்கச் சுற்றிய கதை. நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்தும் பட்டியல் ஒன்று உண்டு. பின்லாந்தின் ஆன்டி ஆர்னே 1910-இல் தொடங்கி, அமெரிக்காவின் ஸ்டித் தாம்ப்சன் விரித்து, ஜெர்மனியின் ஹான்ஸ்-யோர்க் ஊத்தர் 2004-இல் புதுப்பித்த பட்டியல். அதில் நம் கீரிக்கு 178அ என்று எண் கொடுத்திருக்கிறார்கள்.

போன வழியைச் சொல்கிறேன். 6-ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் அனுஷிர்வான் காலத்தில் புர்சோய் என்ற வைத்தியர் பஞ்சதந்திரத்தை அந்நாட்டுப் பழைய மொழியான பகலவிக்குக் கொண்டுபோனார். அதிலிருந்து 8-ஆம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா அரபியில் எழுதினார். கரடகன், தமனகன் என்ற இரண்டு நரிகள் அரபியில் கலீலா, திம்னா ஆகி, நூலுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. அரபியிலிருந்து ஹீப்ரு, லத்தீன், ஸ்பானியம் என்று ஐரோப்பிய மொழிகளுக்குப் பரவியது.

இதுபோக இன்னொரு பாதையும் உண்டு. சிந்துபாத் என்ற ஞானியின் பெயரால் ஒரு கதைத் தொகுதி மேற்கு ஆசியாவில் புழங்கியது (கடலோடி சிந்துபாத் வேறு, இவர் வேறு). அதில் ஒரு கதையாக இதுவும் போனது. ஸ்பெயினில் 1253-இல் ஓர் இளவரசர் அதை அரபியிலிருந்து மொழிபெயர்க்கச் செய்தார். மேற்கு ஐரோப்பாவில் அது 'ரோமாபுரியின் ஏழு ஞானிகள்' என்ற பெயரில் ஊர் ஊராகப் படிக்கப்பட்டது.

1859-இல் தியோடர் பென்ஃபே என்ற ஜெர்மானிய அறிஞர் பஞ்சதந்திரத்தை மொழிபெயர்த்து, இந்தப் பாதைகளையெல்லாம் வரைந்து காட்டி, ஐரோப்பியக் கதைகளில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வந்தவை என்றே வாதிட்டார். அது மிகையான வாதம் என்று பின்னால் வந்தவர்கள் விட்டுவிட்டார்கள். எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் இந்த ஒரு கதையைப் பொறுத்தவரை, ஏடு ஏடாக, மொழி மொழியாக அது நடந்த தடத்தைத் தொட்டுக் காட்ட முடிகிறது.

கீரி எப்படி நாயானது?

கீரி இல்லாத ஊரில் கீரிக் கதை சொன்னால் கேட்பவருக்கு என்ன தோன்றும்? அந்தப் பிராணியை முதலில் விளக்க வேண்டும். விளக்கத் தொடங்கினால் கதை தொய்ந்துவிடும். அதனால் சொல்பவர் தன் வீட்டில் இருப்பதை எடுத்துக்கொள்கிறார். அரபியில் அது கீரியைப் போலவே ஒல்லியான வீஸல் என்ற சின்ன விலங்காகிறது. சிந்துபாத் தொகுதியில் நாயாகிறது. பிரான்சில் வேட்டை நாயாகிறது. அங்கெல்லாம் எதிரி இன்னும் பாம்புதான். கடைசியில் வேல்ஸ் நாட்டுக்குப் போனபோது பாம்பும் போய் ஓநாய் வந்துவிட்டது. காவல் முதலில் மாறியது, எதிரி அப்புறம் மாறினான். ரத்தம் பட்ட வாய் மட்டும் எங்கேயும் மாறவில்லை.

இந்த மாதிரி மாற்றத்தை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிரடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் சோதித்தே பார்த்தார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, சில நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒருவர் சொன்னதை அடுத்தவர் கேட்டுச் சொல்லும்படியும் செய்தார். 1932-இல் வெளியான அவருடைய நூலில் முடிவுகள் இருக்கின்றன. குடைந்து செய்த ஓடம் சாதாரணப் படகானது, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது, புரியாத ஆவிகள் காணாமலே போயின. பழகாத பொருளை மனம் தன் வீட்டுப் பொருளாக்கிக்கொள்கிறது. கீரிக்கு நடந்ததும் அதுதான், ஆயிரம் வருஷ நீளத்தில்.

அப்படியானால் இத்தனை வாய் மாறியும் கதை ஏன் சிதைந்துபோகவில்லை?

நல்ல கேள்வி. பார்ட்லெட்டின் சோதனையில் ஒருவர் ஒருவரிடம் ஒரே தடவை சொன்னார். வீட்டில் அப்படியா நடக்கிறது? ஒரே கதையை ஆச்சியிடம் பத்துத் தடவை கேட்கிறோம், அப்புறம் அத்தை சொல்வாள், பக்கத்து வீட்டில் ஒருவர் சொல்வார். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்புகிறார். வால்டர் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் 1923-இல் இதைத்தான் சொன்னார்: கதை தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது, ஏனென்றால் கேட்பவர் பலரிடம் பல தடவை கேட்டுத்தான் பிறகு சொல்கிறார்.

இதில் குழந்தைகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஒருமுறை மறதியில் "அம்மா கடைக்குப் போனாள்" என்று தொடங்கிவிட்டேன். முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து நின்று, "தண்ணிக்குத்தானே போனா? கடைக்குப் போனா குடம் ஏது?" என்றாள். கதையின் ஆணிவேர் அந்தக் குடத்தில் இருக்கிறது என்று ஏழு வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கொன்றது அம்மாவா, அப்பாவா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே?

இரண்டும் உண்டு. 1199-இல் பூர்ணபத்திரர் என்ற சமணத் துறவி எழுதிய பஞ்சதந்திரத்தில் தாய்தான் குடத்தைப் போடுகிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் தண்ணீருக்குப் போக, தகப்பன் தானம் வாங்கக் கிளம்பிவிடுகிறான். திரும்பி வந்தவனை, உன் பேராசையால் வந்த வினை என்று அவள் அழுதுகொண்டே ஏசுகிறாள். ஹிதோபதேசம் என்ற இன்னொரு வடமொழிக் கதைநூலில் தாய் குளிக்கப் போகிறாள், தகப்பனுக்கு அரண்மனையிலிருந்து அழைப்பு வருகிறது, கொல்வதும் அவனே. அரபியிலும் தகப்பன்தான், கையில் தடி.

ஐரோப்பாவில் கொல்பவர் ஒரு பிரபு அல்லது வீரர், ஆயுதம் வாள். இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வாள் கொல்வதற்கென்றே செய்த பொருள். குடம் அப்படி இல்லை. பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சவும் குளிப்பாட்டவும் சுமந்து வந்த தண்ணீர் அது. அது கொலைக்கருவியாக மாறும்போது உண்டாகும் நடுக்கம் வாளில் வராது. தண்ணீர் வாசலெல்லாம் ஓடி, ரத்தத்தோடு கலந்து நிற்பதை எங்கள் ஆச்சி கையால் தரையில் வரைந்து காட்டுவாள்.

பாம்பு வந்ததை முதலிலேயே சொல்லிவிடுவதா, மறைத்து வைப்பதா?

கதை சொல்ல விரும்புகிற எல்லோரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

நம் பக்கத்து மரபில் பாம்புச் சண்டை முதலில் வரும். நமக்கு எல்லாம் தெரியும், அம்மாவுக்கு மட்டும் தெரியாது. அவள் குடத்தைத் தூக்கும்போது குழந்தைகள் "வேண்டாம், வேண்டாம்" என்று கத்துவார்கள். நான் சொன்ன எந்த ஊரிலும் கத்தாமல் இருந்ததில்லை. கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. நமக்குத் தெரிந்ததை அவளிடம் சேர்க்க வழியில்லை என்ற அந்தத் தவிப்புதான் இந்த முறையின் பலம்.

வேல்ஸ் கதை வேறு மாதிரி. லெவெலின் என்ற இளவரசர் வேட்டைக்குப் போகிறார். அவருடைய அருமை நாய் கெலர்ட் வேட்டைக்கு வரவில்லை. திரும்பினால் நாய் வாயில் ரத்தம், தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, பிள்ளையைக் காணோம். வாளை உருவிக் குத்துகிறார். அதன் மரண ஓலத்தில் விழித்த குழந்தை அழ, துணிக்குவியலை விலக்கிப் பார்த்தால் பிள்ளை பத்திரமாக இருக்கிறது, பக்கத்தில் ஓநாய் செத்துக் கிடக்கிறது. இங்கே கேட்பவரும் இளவரசரோடு சேர்ந்து ஏமாறுகிறார். கையில் அவரோடு சேர்ந்து ரத்தம் படுகிறது.

இரண்டையும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறைத்துச் சொல்வது முதல் தடவை பலமாக அடிக்கும், இரண்டாம் தடவை பலம் குறைந்துவிடும். முதலிலேயே சொல்லிவிடுவது ஒவ்வொரு தடவையும் வலிக்கும். வருஷக்கணக்காக ஒரே வீட்டில் சொல்லப்பட வேண்டிய கதைக்கு நம் முறைதான் சரி என்பேன்.

ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். மறைத்துச் சொல்ல வேண்டுமானால் தொட்டில் கவிழ்ந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை கண்ணில் பட்டுவிடும். நம் வீட்டுத் தூளி உத்தரத்தில் தொங்குவது, கவிழாது. அதனால்தான் நம் கதையில் கொலை வாசலிலேயே நடக்கிறது. கீரி வெளியே ஓடிவர வேண்டும், அம்மா உள்ளே எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். வீடு கட்டியிருக்கும் விதமும் கதையைக் கட்டுகிறது.

கதைக் கோட்பாடு பேசுபவர்கள் இதைப் பற்றி என்ன சொல்வார்கள்?

கிரேக்கத்து அரிஸ்டாட்டில் இந்தக் கதையைக் கேட்டிருந்தால் மிகவும் விரும்பியிருப்பார். துன்பியல் நாடகத்தில் நல்லவரும் கெட்டவரும் அல்லாத நடுத்தர மனிதர், தீய குணத்தால் அல்லாமல் ஒரு பிழையால் விழ வேண்டும் என்றார். நிலைமை தலைகீழாவதும் உண்மை தெரியவருவதும் ஒரே கணத்தில் நடந்தால் அதுவே சிறந்த கதையமைப்பு என்றார். இங்கே அம்மா உள்ளே எட்டி வைக்கும் அந்த ஓரடியில் இரண்டும் நடந்துவிடுகின்றன.

ரஷ்யாவின் விளாதிமிர் பிராப் 1928-இல் நூறு மாயக்கதைகளை எடுத்து, ஆட்கள் மாறினாலும் செயல்கள் மாறுவதில்லை, மொத்தம் 31 செயல்கள்தான் என்று காட்டினார். அவர் ஆராய்ந்த வகைக் கதையல்ல இது. ஆனாலும் அவர் பார்த்த பார்வை உதவுகிறது: கீரியோ நாயோ, காப்பவர் என்ற இடம் அப்படியே இருக்கிறது. குடமோ வாளோ, அவசரம் என்ற செயல் அப்படியே இருக்கிறது.

எனக்கு இவர்களைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

ஏன் இந்தக் கதை எப்போதும் இன்னொரு கதைக்குள் வருகிறது?

இதைக் கவனித்துக் கேட்ட ஆசிரியர் ஒருவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவர் கேட்ட பிறகுதான் நானும் எல்லா நூல்களையும் அந்தக் கண்ணோடு திருப்பிப் பார்த்தேன்.

பஞ்சதந்திரத்தில் ஒரு நாவிதன். ஒரு வணிகர் துறவியை அடிக்க, அவர் பொற்குவியலாக மாறியதைப் பார்த்துவிட்டு, தானும் துறவிகளை அழைத்து அடித்துக் கொல்கிறான். பொன் வரவில்லை, காவலர்கள் வந்தார்கள். தண்டனை சொன்ன நியாயாதிபதிகள் ஒரு சுலோகம் சொல்கிறார்கள். "அது எப்படி?" என்று வணிகர் கேட்க, கீரிக் கதை வருகிறது. பஞ்சதந்திரம் முழுக்க இந்த "அது எப்படி?"தான் கதவு. முதலில் செய்யுள், பிறகு கேள்வி, பிறகு கதை. செய்யுள் ஒரு கைப்பிடி மாதிரி. அதைப் பிடித்துத் தூக்கினால் முழுக் கதையும் வந்துவிடும். ஆனால் நாவிதன் விஷயத்தில் கதை தாமதமாக வருகிறது. துறவிகள் செத்தாயிற்று.

சிந்துபாத் தொகுதியில் கதை முன்னதாக வருகிறது. இளவரசன் மீது சிற்றன்னை பழி போடுகிறாள். கிரகநிலை சரியில்லை என்பதால் ஏழு நாள் வாய் திறக்கக்கூடாது என்று அவனுக்கு ஆசான் கட்டளை. ராஜா கொல்லச் சொல்கிறார். ஒவ்வொரு நாளும் ஒரு மந்திரி வந்து கதை சொல்லித் தண்டனையை ஒரு நாள் தள்ளிப்போடுகிறார். அவள் எதிர்க்கதை சொல்கிறாள், மறுபடி கட்டளை, மறுபடி கதை. நம் கதையும் அந்த நாட்களில் ஒன்றைச் சம்பாதித்துக் கொடுக்கிறது. பேச முடியாத கீரியின் கதையைச் சொல்லி, பேச முடியாத பையனின் உயிரை நிறுத்துகிறார்கள். எட்டாம் நாள் அவன் பேசுகிறான்.

தமிழிலும் இந்த வகைக் கட்டமைப்பு உண்டு. அலகேச கதையில் ராணியின் பள்ளியறைக்குள் இரவில் போன மந்திரி மீது ராஜாவுக்குச் சந்தேகம். அவர் போனது பாம்பைக் கொல்ல. மற்ற மந்திரிகள் ஆளுக்கொரு கதை சொல்லி ராஜாவின் கையைப் பிடிக்கிறார்கள். அவற்றில் கீரிக் கதையும் ஒன்று.

ஆக, இது சும்மா பொழுதுபோக்கச் சொல்லும் கதையாக நூல்களில் வருவதில்லை. யாரோ கையை ஓங்கியிருக்கும்போதோ ஓங்கிய கை இறங்கிய பிறகோ சொல்லப்படும் கதை. ஓங்கிய கைக்கும் இறங்கும் கைக்கும் நடுவே கொஞ்ச நேரம் வேண்டும். கதை என்பது அந்த நேரம்தான் என்று நான் நம்புகிறேன்.

நாயைப் புனிதராகக் கும்பிட்டார்களாமே, உண்மையா?

உண்மை. 13-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகருக்கு வடக்கே, தோம்ப் என்ற பகுதியில் நடந்தது. ஸ்டீஃபன் என்ற டொமினிக்கன் சபைத் துறவி, மக்கள் சொல்லும் பாவ அறிக்கையைக் கேட்கும்போது, பெண்கள் பலர் தங்கள் பிள்ளைகளைப் புனித கினெஃபோரிடம் கொண்டுபோனதாகச் சொல்வதைக் கேட்கிறார். யார் அந்தப் புனிதர் என்று விசாரித்தால், அது ஒரு வேட்டை நாய்.

அவர் எழுதி வைத்த கதை நம் கதையேதான். கோட்டைப் பிரபு, குழந்தை, பெரிய பாம்பு, காப்பாற்றிய நாய், வாளால் வெட்டு. தவறு தெரிந்ததும் நாயைக் கோட்டை வாசல் முன்னிருந்த கிணற்றில் போட்டு, மேலே கற்களைக் குவித்து, நினைவாக மரங்கள் நட்டார்கள். காலப்போக்கில் கோட்டை பாழாகி அழிந்தது. சுற்றுவட்டாரக் குடியானவர்கள் அநியாயமாக உயிர்விட்ட அந்த நாயை நினைத்து அங்கே போகத் தொடங்கினார்கள். நோய்ப்பட்ட பிள்ளைகளைத் தாய்மார் அந்தத் தோப்புக்கு எடுத்துச் சென்றார்கள், உப்பு வைத்தார்கள், பிள்ளையின் துணியைப் புதரில் கட்டினார்கள். ஸ்டீஃபன் நாயின் எலும்பைத் தோண்டி எடுக்கச் செய்து, மரங்களையும் வெட்டிச் சேர்த்து எரித்தார். அப்படியும் அந்த வழக்கம் ஒழியவில்லை. 19-ஆம் நூற்றாண்டிலும் அந்தக் காட்டுக்கு அந்தப் பெயர் இருந்தது. ழான்-குளோத் ஷ்மித் என்ற வரலாற்றாசிரியர் 1979-இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

புதரில் துணி கட்டிய அந்தத் தாய்மார்களை என்னால் மறக்க முடிவதில்லை. நம்மூர் வேப்பமரத்துத் தொட்டில்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அவர்கள் அந்நியர் இல்லை. கதையில் பிள்ளை பிழைத்தது. அதனால் பிள்ளை பிழைக்க அந்தக் கதை நடந்த இடத்துக்குப் போனார்கள்.

வேல்ஸில் அந்த நாயின் கல்லறை இருக்கிறதே? அப்போது நடந்த கதைதானே?

வடக்கு வேல்ஸில் பெத்கெலர்ட் என்ற ஊரில் கல்லறை இருக்கிறது, இன்றும் மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கல் லெவெலின் காலத்தது இல்லை. அவர் இறந்தது 1240. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஊருக்கு வந்து விடுதி நடத்திய டேவிட் பிரிச்சர்ட் என்பவர் வைத்த கல் என்று சொல்கிறார்கள். ஊர்ப் பெயர் பெரும்பாலும் கெலர்ட் என்ற பழைய துறவியிடமிருந்து வந்திருக்க வேண்டும். 1811-இல் வில்லியம் ஸ்பென்சரின் கவிதை அச்சாகி, ஹைடன் இசையமைத்த பாட்டாகவும் பரவ, கல்லும் கவிதையும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டன.

நிஜமாகவே நாய்க்கு எடுத்த கல் வேண்டுமானால் திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூருக்குப் போகலாம். முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல். எருமை மந்தையைக் காத்து இறந்த வீரனோடு கோவிவன் என்ற அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது, கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்ற குறிப்போடு. அதில் திருப்பமும் இல்லை, தவறான கொலையும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லும் கல் அப்படித்தான் இருக்கும்.

எங்கள் பாட்டி இது பக்கத்து ஊரில் நடந்ததாகச் சொன்னாரே?

என் ஆச்சியும் அப்படித்தான் சொன்னாள், வீட்டைக்கூடக் காட்டினாள். நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த எமனோ என்ற அறிஞர் 1940-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்: பழைய கீரிக் கதை, அண்மையில் நடந்த சம்பவமாகச் சொல்லப்படுவதைப் பற்றி. இன்று அதே கதை வாட்ஸ்அப்பில் "உண்மைச் சம்பவம்" என்ற தலைப்போடு, வளர்ப்பு நாயின் படத்தோடு வருகிறது. பாட்டி பொய் சொல்லவில்லை. தெரிந்த தெருவில் நடந்தது என்றால்தான் அந்தக் குடம் நம் வீட்டுக் குடமாக இருக்கும்.

கீரிக்குப் பாம்பு விஷம் ஏறாதா?

ஓரளவு தாங்கும். நாகத்தின் விஷம் நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டுதான் உடலை முடக்கும். கீரியின் உடலில் அந்த இடத்தின் அமைப்பு கொஞ்சம் வேறுபட்டிருப்பதால் விஷம் சரியாக ஒட்டுவதில்லை. மற்றதெல்லாம் அதன் வேகம்.

சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லலாமா? கீரி பிழைத்ததாக மாற்றிவிடலாமா?

நான்கு ஐந்து வயதுக்கு மேல் சொல்கிறேன். மாற்றுவதில்லை. ஒரு தடவை, பெற்றோர் கேட்டுக்கொண்டதற்காக, கீரி மயக்கம் தெளிந்து எழுந்ததாக முடித்தேன். பிள்ளைகள் கைதட்டிவிட்டு உடனே வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பழைய முடிவைச் சொன்னால் அரைமணி நேரம் பேசுவார்கள். "அம்மா ஏன் உள்ளே போய்ப் பார்க்கலை?" "கீரி ஏன் வாயைத் துடைச்சுக்கலை?" ஒரு பையன் கேட்டான்: "அந்தப் பிள்ளை பெரிசானதும் அவனுக்கு இதைச் சொன்னாங்களா?" எனக்கு இன்றுவரை பதில் கிடைக்காத கேள்வி அது.

நீதியைச் சொல்லி முடிக்க வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள். ஆச்சி சொன்னதில்லை. தூளிக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி கழுத்தை நீட்டுவாள், அப்புறம் பேசாமல் இருந்துவிடுவாள்.

சிலப்பதிகாரத்தில் இந்தக் கதைக்கு என்ன வேலை?

மதுரைக்கு வெளியே, அடைக்கலக் காதையில் வருகிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு தங்கியிருக்கிறார்கள். மாடலன் என்ற மறையவன் கோவலனைக் கண்டு, இவ்வளவு நல்லது செய்த உனக்கா இந்த நிலை என்று அவன் முன்பு செய்த அறங்களை அடுக்குகிறான். மதம் பிடித்த யானையிடமிருந்து ஒரு முதியவரை மீட்டது ஒன்று. அடுத்தது இது: "பிள்ளை நகுலம் பெரும்பிறி தாக". நகுலம் என்றால் கீரி. கீரிப்பிள்ளையைக் கொன்ற மனைவியை விட்டுவிட்டுக் கணவன் வடக்கே போகிறான். போகும்போது சொல்கிறான், "கடவ தன்றுநின் கைத்தூண் வாழ்க்கை". உன் கையால் வாங்கி உண்ணும் வாழ்க்கை இனி எனக்கு ஆகாது. எந்தப் பஞ்சதந்திரத்திலும் இந்த வரி இல்லை. கொன்ற அதே கைதானே சோறு போட வேண்டும்!

வடமொழி வாசகம் எழுதிய ஓர் ஏட்டைக் கொடுத்து, கடமை அறிந்தவர் கையில் இதைக் கொடு என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவள் அந்த ஏட்டோடு புகாரின் கடைத்தெருவிலும் வணிகர் மாடத் தெருக்களிலும் வீடு வீடாக அலைகிறாள். உரையில் அந்த வாசகம் தரப்பட்டிருக்கிறது: ஆராயாமல் செய்யாதே, நன்றாக ஆராய்ந்தே செய், இல்லாவிட்டால் கீரியைக் கொன்ற பார்ப்பனியைப் போலப் பின்னால் வருந்துவாய். பஞ்சதந்திரத்துக் கைப்பிடிச் சுலோகம்தான். கோவலன் அவளைக் கூப்பிட்டு, ஏட்டை வாங்கிப் படித்து, அவள் பாவம் தீரத் தானம் செய்து, காடு போன கணவனைத் திரும்ப அழைத்து, வாழப் பொருளும் கொடுக்கிறான். கதை முடிந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று மற்ற நூல்கள் பேசுவதில்லை. இளங்கோ பேசுகிறார்.

இனி அந்தக் கதை எங்கே சொல்லப்படுகிறது என்று பாருங்கள். அடுத்த காதை கொலைக்களக் காதை. கோவலன் சிலம்பை விற்கப் போகிறான். பொற்கொல்லன் அரண்மனைக்கு ஓடுகிறான். பாண்டியன் ஊடலில் இருக்கும் தேவியைத் தேடி அந்தப்புரத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் அவசரத்தில் நிற்கிறான். "சினையலர் வேம்பன் தேரான் ஆகி" என்கிறார் இளங்கோ, ஆராயாதவனாகி. கள்வன் கையில் சிலம்பு இருந்தால் "கொன்றச் சிலம்பு கொணர்க" என்று வாய் சொல்லிவிடுகிறது. கையில் சிலம்பு, வாயில் ரத்தம், இரண்டும் ஒரே மாதிரிச் சான்று.

ஏழு நாள் கதை சொல்லித் தடுக்க அங்கே மந்திரி யாரும் இல்லை. கதையைத் தெரிந்தவன் மாடலன், அவன் நகருக்கு வெளியே இருக்கிறான். ஏட்டைக் கையால் தொட்டுப் படித்தவன் கோவலன், அவன் வெட்டுப்பட்டுக் கிடக்கிறான். மிச்சமிருந்த ஒற்றைச் சிலம்போடு கண்ணகி அவைக்குள் வந்து, யார் நீ என்று கேட்ட மன்னனிடம் முதலில் சொன்ன சொல்லே அந்த ஏட்டின் சொல்தான்: "தேரா மன்னா".